காடு காசான கதை: சேலம், நாமக்கல் சமவெளியில் முன்னேற்றக் கனவும் அதன் நாவல்களும்

பெருமாள்முருகனின் முதல் நாவலான 'ஏறுவெயில்' 1991இல் வெளிவந்தது. வீட்டுவசதிக் குடியிருப்பு கட்டுவதற்காக ஒரு குடியானவக் குடும்பத்தின் பூர்வீக நிலம் கைமாறுகிறது. செல்வன் என்ற சிறுவனின் கண்வழியே கதை நகர்கிறது. வெள்ளாமை விளைந்த காடு வெறுமையாகிறது. குடும்பம் குறுகலான வீட்டுக்குக் குடிபெயர்கிறது. ஆசையும் பொறாமையும் உறவுகளுக்குள் புகுந்து, அவன் வளர வளர வீடு சிதைகிறது. நகரம் கிராமத்தைத் தின்றுவிட்டது, பணம் மனிதரைக் கெடுத்துவிட்டது என்பதுதான் இந்நாவலுக்கு எளிதில் வாய்க்கும் வாசிப்பு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இந்த நாவலை அதே மண்ணிலிருந்து பின்னர் வந்த நாவல்களோடும், சேலம், நாமக்கல் சமவெளியில் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் நடந்தவற்றோடும் சேர்த்துப் படித்தால் அந்த விளக்கம் போதவில்லை. நிலம் கையைவிட்டுப் போனது. நிலம் வைத்திருந்தவனின் புத்தி போகவில்லை. சொத்து மகனுக்கு, பாடு இன்னொரு சாதிக்கு, மானம் வீட்டுப் பெண்ணின் தலைமேல் என்று வகுத்துவைத்த பழைய கணக்கு, லாரிக்கும் ரிக் வண்டிக்கும் தறிப்பட்டறைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே இடம் மாறியது. இங்கே முன்னேற்றக் கனவு கெட்டதற்குக் காரணத்தை அந்தக் கணக்கில்தான் தேட வேண்டும் என்பது என் வாதம்.

கனவு கெட்டுப்போவதைப் பேசும் உலக நாவல் எது என்று கேட்டால் பலரும் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'யைத்தான் சொல்வார்கள். அது வெளிவந்தது 1925இல். அமெரிக்கக் கனவு என்ற சொற்றொடரை ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர் தன் நூல்வழி பரவலாக்கியதோ 1931இல். கனவுக்குப் பெயர் ஊன்றும் முன்பே அதன் அழுகலை நாவலாசிரியர் எழுதி முடித்துவிட்டார். வடக்கு டகோட்டாவின் ஏழைக் குடியானவர் மகன் ஒருவன் பெயரை மாற்றிக்கொண்டு, மதுவிலக்குக் காலத்தில் சட்டவிரோதச் சாராயத்தில் பணம் சேர்த்து, கைவிட்டுப்போன காதலியை மீட்பதற்காகவே மாளிகை வாங்கி விருந்து வைக்கிறான். கடைசியில் சுடப்பட்டுச் சாகிறான். விருந்துக்குத் திரண்ட கூட்டத்தில் சவத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவனைப் பேராசை கொன்றது என்று பாடநூல்கள் சொல்வதுண்டு. நாவலைக் கவனித்துப் படித்தால் பரம்பரைப் பணக்காரர்கள் கடைசிவரை அவனைத் தங்களில் ஒருவனாக ஏற்கவில்லை என்பதும், நடந்த சாவுகளுக்கெல்லாம் பொறுப்பேற்காமல் அவர்கள் நழுவிவிட்டார்கள் என்பதும் தெரியும். புதுப்பணம் வந்த பிறகும் பழைய மேல்கீழ் அசையவே இல்லை. நம் சமவெளிக்கும் அந்த நாவலுக்கும் உள்ள ஒற்றுமை இதுதான். வேற்றுமையும் பெரிது. கேட்ஸ்பி தனியாள், தன் தாய்தகப்பனையே கற்பனையில் உதறிவிட்டு வந்தவன். இங்கே கனவு காண்பது குடும்பம். கடன்பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதும் குடும்பம். அந்த வகையில் ஓக்லஹோமாவில் புழுதிப் புயலுக்கும் வங்கிக்கும் நிலத்தைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போவதைச் சொல்லும் ஜான் ஸ்டைன்பெக்கின் 1939ஆம் ஆண்டு நாவல்தான் 'ஏறுவெயிலு'க்கு இன்னும் நெருங்கிய உறவு.

இந்தச் சமவெளி ஏன் நிலத்தைவிட்டு இவ்வளவு வேகமாக வெளியேறியது என்பதற்கு முதல் விடை வானத்தில் இருக்கிறது. மேட்டூர் அணை 1934இல் எழுந்தபோது அதன் நீர் முதன்மையாகத் தஞ்சை டெல்டாவுக்குத்தான். காவிரிக்கரையை ஒட்டியும் வாய்க்கால் எட்டிய இடங்களிலும் நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைந்தன. ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஓமலூர்ப் பக்கத்து மேட்டுக்காடுகள் மழையையும் கிணற்றையும் நம்பின. சோளம், கம்பு, நிலக்கடலை, ஆமணக்கு, வேலியோரத்தில் பனை, பட்டியில் வெள்ளாடு. ஒரு மழை தப்பினால் ஓராண்டு போயிற்று. இப்படிப்பட்ட நிலத்தில் பிறந்தவன் பிள்ளையை வேறு தொழிலுக்கு அனுப்ப நினைத்ததைப் பேராசை என்று சொன்னால் அது நகரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லும் பேச்சு. அந்த நினைப்பில் நியாயம் இருந்தது. மேட்டுக்காட்டை அடகுவைத்தோ விற்றோ ஒரு லாரி வாங்கினார்கள். ஓட்டுநராக இருந்தவர் உரிமையாளரானார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளும் இங்கிருந்து தென்னிந்தியாவெங்கும் ஓடுகின்றன. கோழிப்பண்ணைகள் எழுந்து, நாமக்கல் முட்டை விலை நாள்தோறும் நாளிதழில் வரும் செய்தியானது. சத்துணவுத் திட்டமும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவும் ஒரே ஆண்டில், 1982இல் தொடங்கின. சத்துணவில் முட்டை சேர்ந்தது 1989இல். அரசின் ஒரு நல்ல திட்டமும் தனியார் முயற்சியும் கைகோத்ததற்கு நாமக்கல் மறுக்க முடியாத சாட்சி.

இவற்றில் எல்லாம் என் வாதத்துக்கு மிகவும் பொருந்துவது திருச்செங்கோட்டு ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டிகள் இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கின்றன. ஒரு ரிக்கின் விலை ஒற்றைக் குடும்பத்துக்கு எட்டாதது. ஆகவே பங்கு சேர்வார்கள். சேர்வது யார்? அண்ணன் தம்பி, மச்சான், மாமன், சாதிக்குள் பழகிய சிநேகிதர். முதலும் நம்பிக்கையும் சாதிக்குள் சுற்றிவந்தன. குழாய் தூக்கி, சேற்றில் நின்று, மாதக்கணக்கில் வண்டியோடு அலையும் பாட்டுக்கு முதலில் சுற்றுவட்டாரத்து நிலமற்றவர்கள் போனார்கள். பிறகு சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்கள் வந்தார்கள். பண்ணையத்தில் காட்டுக்காரர் மேட்டில் நிற்பதும் ஆள் வாய்க்காலில் நிற்பதுமாக இருந்த அமைப்பு சக்கரம் பூட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியது. இதில் இன்னொரு வினை இருக்கிறது. ஊரூராகத் துளைபோடக் கற்றுக்கொண்ட இந்தச் சமவெளி தன் நிலத்தடி நீரையே ஆயிரம் அடிக்கும் கீழே துரத்திவிட்டது. திறந்த கிணறுகள் குப்பைக்குழிகளாயின. தோட்டம் காய்ந்ததால் ரிக் வாங்கினார்கள். ரிக் ஓடியதால் மிச்சமிருந்த தோட்டமும் காய்ந்தது. திருச்செங்கோட்டுக்காரர் இந்த வட்டத்தை அறியாதவரல்லர். தவணை கட்ட வேண்டியிருப்பவர் துளையின் ஆழத்தை யோசிக்கும் நிலையில் இல்லை.

உழைப்பின் இடத்தைச் சூது பிடித்த தருணமும் இப்பகுதிக்கு உண்டு. பக்கத்து ஈரோடு மாவட்டத்தில் தொடங்கிக் கொங்கு முழுக்கப் பரவிய ஈமு கோழி ஒப்பந்தப் பண்ணைகள் 2012 ஆகஸ்டில் சரிந்தன. முதல் போட்டால் மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் ஆண்டு முடிவில் ஊக்கத்தொகையும் என்று ஆசை காட்டப்பட்டது. இறைச்சிக்குச் சந்தை உண்டா என்று கேட்டவர் சிலரே. நிறுவனங்களை நடத்தியோர் தலைமறைவானதும், தீனியின்றிக் கிடந்த பறவைகளுக்குக் கால்நடைத் துறை இரைபோட வேண்டியதாயிற்று. ஏமாந்தவர்களில் பலர் சிறு விவசாயிகள். காட்டில் இருந்து வராத வருமானம் கொட்டகையில் இருந்தாவது வரட்டும் என்று நினைத்தவர்கள். இதை வெறும் மோசடி வழக்காகப் பார்ப்பது குறைவான பார்வை. விளைச்சல் இல்லாமலே வருமானம் வர முடியும் என்ற நம்பிக்கை அதற்கு முன்பே இங்கே வேர்பிடித்துவிட்டது. காட்டை மனையாக்கி விற்றவர், பண்ணையத்தில் இருபது ஆண்டு சேர்க்க முடியாததை ஒரே பத்திரப் பதிவில் கண்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் காட்டுக்காரரிடம் போய் உழைப்பின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

கேட்ஸ்பி இறந்த பிறகு அவன் தந்தை ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டுவார். அதன் பின்னட்டையில், சிறுவனாக இருந்தபோது அவன் எழுதிவைத்த தினசரி அட்டவணை இருக்கும்: எத்தனை மணிக்கு எழுவது, எப்போது உடற்பயிற்சி, எப்போது படிப்பு என்று. தந்தைக்கு அதைப் பார்த்துப் பெருமை பொங்கும். அந்தப் பக்கத்தைப் படிக்கிற நாமக்கல்காரர் எவருக்கும் விடுதிப் பள்ளிகள் நினைவுக்கு வராமல் போகாது. தொண்ணூறுகளுக்குப் பின் நாமக்கல், ராசிபுரம் பகுதி உறைவிடப் பள்ளிகள் தமிழ்நாடு முழுவதுமிருந்து பிள்ளைகளை ஈர்த்தன. விடியுமுன் எழுப்பி இரவு வெகுநேரம்வரை படிக்கவைத்து, பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டு உருப்போடவைத்து மாநில முதலிடங்களை அள்ளின. பிராய்லர் பள்ளி என்ற கேலிப்பெயர் வந்தது இப்படித்தான். 2017 மே மாதத்தில் அரசு முதலிடப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது. அதே ஆண்டு மருத்துவச் சேர்க்கை நீட்டின் கைக்குப் போனது. ஓரிரு ஆண்டுகளிலேயே அதே கட்டடங்களில் நீட் பயிற்சி நடந்தது. பெற்றோர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்களில் பலர் நிலத்தை விற்றுத்தான் கட்டணம் கட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். லாரியைப் போலவே, ரிக்கைப் போலவே, பிள்ளையும் முதலீடு. முதலீட்டின் மேல் பலன் எதிர்பார்ப்பவர் அதனிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பதில்லை. கேட்ஸ்பி அந்த அட்டவணையைத் தானே எழுதிக்கொண்டான். இங்கே அதைப் பள்ளி நிர்வாகம் அச்சடித்துக் கொடுத்தது.

நிலத்தை மகனுக்கென்று வைத்திருந்த புத்தி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கைவிடக் கொடிய சான்று வேண்டாம். 1991 கணக்கெடுப்பில், நாமக்கல்லையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 849 மட்டுமே. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்டது இதனால்தான். 2011இலும் எல்லா வயதினரையும் சேர்த்துச் சேலம் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 954 பெண்கள். மாநிலச் சராசரி 996. பெண் சிசுக்கொலை வறுமையால் நடந்தது என்றால், வசதி வந்ததும் நின்றிருக்க வேண்டும். வசதி வந்த வீடுகளில் கள்ளிப்பாலின் இடத்தை ஸ்கேன் பிடித்தது. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. சட்டம் காகிதத்தில் பங்கு கொடுத்தது. கல்யாணத்தின்போது போட்ட நகையைக் காட்டி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2007இல் வந்த பெருமாள்முருகனின் 'கங்கணம்' இந்தக் கணக்கின் கடைசி வரியை எழுதுகிறது. மாரிமுத்துவுக்கு நிலம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, முப்பத்தைந்து வயதாகியும் பெண் கிடைக்கவில்லை. பெண் பார்த்துத்தரும் தானாவதி தாத்தா அலைகிறார். ஜாதகமும் குலக்கூட்டமும் சொத்தும் குறுக்கே நிற்கின்றன. பெண்ணைச் செலவென்று கழித்த தலைமுறையின் மகன்கள் பெண் தேடி நிற்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் கட்டிவருவது கொங்கில் இன்று வழக்கமே ஆகிவிட்டது. உள்ளூரில் சாதிக்கு வெளியே ஒரு அடி எடுத்துவைத்தால் ஆணவக்கொலை. மாநில எல்லையைத் தாண்டி எடுத்தால் சமாதானம். நாவல் நகைச்சுவையாகவும் எழுதப்பட்டிருப்பதை இதனால்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

2013இல் வெளிவந்த அவரது 'பூக்குழி'யில் இந்தக் கனவின் மிகச் சிறிய, மிகக் களங்கமற்ற வடிவம் வருகிறது. குமரேசன் வெளியூர் போய்ச் சோடாக் கம்பெனியில் தொழில் கற்று, சொந்தமாகக் கடை போட நினைப்பவன். விரும்பிய சரோஜாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குக் கூட்டிவருகிறான். அவனுக்குப் பேராசையில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, மனைவியின் சாதி என்ன என்ற ஒரே கேள்வியில் அந்த வாழ்க்கை நெருப்பில் முடிகிறது. பணம்தான் மனிதரைக் கெடுத்தது என்ற விளக்கத்துக்கு இந்த நாவலில் இடமே இல்லை. அந்த ஊரில் பெரும்பணம் ஒன்றும் புழங்கவில்லை. கனவு கெட்டுப்போவதற்குப் புதிதாக எதுவும் வர வேண்டியதில்லை, ஏற்கனவே இருப்பது போதும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன நாவல் நம் பக்கத்தில் இல்லை. அவரது 'மாதொருபாகன்' 2010இல் வந்து நான்காண்டு கழித்து எதிர்ப்புக்கு உள்ளானபோது திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடத்தவும் ஆள் திரட்டவும் முடிந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சில் எழுத்தாளர் பணிய வைக்கப்பட்டார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ரிக் வண்டியை ஆப்பிரிக்காவரை அனுப்பிய ஊர், அந்த நாவலில் வரும் தன் பாட்டன் காலத்து வழக்கம் ஒன்றைக் கற்பனையில் பார்க்கவும் கூசியது. தொழிலில் வந்த தைரியம் மற்ற எதற்கும் வரவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். நிலத்தோடு வாழ்ந்த காலத்தில் பங்காளிகள் சேர்ந்து வாழவில்லையா, வரப்பும் வாய்க்காலும் மனிதரைக் கட்டிவைக்கவில்லையா, 'ஏறுவெயில்' இழப்பின் துயரத்தைத்தானே பேசுகிறது என்று கேட்கலாம். துயரம் உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கெட்டுப்போகாத பழைய காலம் ஒன்று இருந்தது என்பதற்குக் கொங்கு நாவல்களே சாட்சி சொல்ல மறுக்கின்றன. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. கதை நடப்பது இந்தச் சமவெளிக்கு மேற்கே. சோடாக் கடையோ சினிமாக் கொட்டகையோ வீட்டுவசதி வாரியமோ இல்லாத சிற்றூரில் ஒரு விதவை தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். முடிவில் கொழுந்தன் கொலையாகிறான். 2012இல் வந்த பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி'யில் முத்துவை ஊரைவிட்டுத் துரத்துவது நகரமல்ல. தகப்பன் செய்த பாகப்பிரிவினையும், மரியாதைக்குரியவராக நினைத்திருந்த மூத்த அண்ணனின் நடத்தையும்தான். அவன் வண்டி கட்டிக்கொண்டு புதுநிலம் தேடிப் போகிறான். அமெரிக்கக் கனவின் பழைய வடிவமான நிலம்தேடும் பயணத்துக்குத் தமிழில் இவ்வளவு நெருக்கமான நாவல் வேறில்லை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023இல் ஜேசிபி பரிசும் கிடைத்தது. அந்தப் பயணத்திலும் கூடவே போகிற குப்பனுக்கு வழி தெரியும், மண் தெரியும், சமையல் தெரியும். தேடப்படும் நிலம் மட்டும் அவனுக்கானதல்ல. பெருமாள்முருகன் இதை அழுத்திச் சொல்வதில்லை. உறவின் இதத்தோடு சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு அந்த இதத்தின்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. முத்துவின் நல்ல மனது நிலக்கணக்கை மூடிவிடுகிறதோ என்று படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. லாரியும் கோழியும் தறியும் இல்லாவிட்டால் இந்த வறண்ட மேடு இன்னும் பஞ்சத்தில் கிடந்திருக்கும். நாவலாசிரியர்கள் சிதைவை மட்டுமே எழுதுகிறார்கள், வளர்ச்சியை எழுதுவதில்லை. நாவலைச் சான்றாக வைத்து ஒரு வட்டாரத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா? வளர்ச்சி நடந்தது உண்மை. கல்லூரிக்குப் போகும் பெண்களைப் பார்த்தால் தெரியும்; ஓட்டு வீடுகள் மாடி வீடுகளானதில் தெரியும். நாவல் கணக்கெடுப்பு அல்ல என்பதும் சரி. ஆகவேதான் நாவல் சொல்வதைக் கணக்கெடுப்பும் சட்டமும் அரசு நடவடிக்கையும் ஒத்துச்சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்களிடமிருந்து தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்தி வெளியாகி அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கியவர் அது தீரும்வரை இடம் மாற முடியாது. நுண்கடன் தவணை வாராவாரம் வாசலில் நிற்கும். காடு வைத்திருந்தவர் காட்டை விற்று ரிக் வாங்கினார். காடில்லாதவரிடம் விற்பதற்கு இருந்தது தன் சிறுநீரகம்தான். பள்ளிபாளையத்துக்கும் ரிக் வண்டிகளின் தலைமையிடமான திருச்செங்கோட்டுக்கும் இடையே தொலைவு இருபது கிலோமீட்டர் அளவுதான். வளர்ச்சி நடக்கவில்லை என்பது என் வாதமல்ல. அது யாருக்கு நடந்தது என்பதைப் பழைய நிலக்கணக்கே முடிவுசெய்தது என்கிறேன்.

மூன்று தசாப்தம் கழித்து 'ஏறுவெயிலி'ன் தொடக்கக் காட்சி மறுபடி நடந்தது, வேறு முடிவோடு. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு 2018இல் நில அளவை தொடங்கியபோது சேலம் மாவட்டத்து விவசாயிகள் அளவைக் கற்களைப் பிடுங்கினார்கள், வழக்குப் போட்டார்கள், கைதானார்கள். சுமார் 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய்த் திட்டம். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அரசு புதிதாக நடைமுறையைத் தொடங்கலாம் என்றது. இழப்பீட்டுத் தொகையை அதிகாரிகள் உயர்த்திச் சொன்னபோதும் மறுத்தவர்கள் பலர். காட்டைக் காசாக்கினால் என்ன மிஞ்சும் என்பதை முந்தைய தலைமுறையின் கதையிலிருந்து அவர்கள் கற்றிருந்தார்கள். அவர்கள் மறுத்தது சரி என்பதே என் கருத்து. என்றாலும் அந்தப் போராட்டத்தின் மேடைகளில் பேசப்பட்டது ஏறத்தாழ முழுக்கப் பட்டா வைத்திருந்தவரின் இழப்பு. அந்தக் காடுகளில் களை வெட்டியவர், கடலை பறித்தவர், தேங்காய் உரித்தவர் என்ன இழப்பார் என்ற கேள்வி ஓரமாகவே நின்றது. நிலமில்லாவிட்டாலும் மூன்றாண்டு அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் வரையறுத்திருக்கிறது. சட்டம் எட்டிய இடத்துக்கு ஊர்ப்பேச்சு இன்னும் எட்டவில்லை.

இந்தக் கேள்வியை நேராக எழுதிய நாவல் 2000இல் வந்த 'கூளமாதாரி'. சக்கிலிப் பையன் கூளையன் கவுண்டர் பண்ணையத்தில் கடனுக்கு ஈடாக ஆடு மேய்க்கிறான். அவனுக்கு முன்னேற்றக் கனவென்று ஒன்று கெட்டுப்போவதற்கு, முதலில் அது இருந்திருக்க வேண்டும். மழைக்கு ஒதுங்க இடமும் வயிறு நிறையச் சோறும் சினிமாப் பார்க்க ஓர் இரவும் அவன் ஆசையின் எல்லை. அவனோடு ஆடு மேய்க்கும் பண்ணையக்கார வீட்டுப் பையன் விளையாட்டில் கூட்டாளி, மற்றதில் எஜமான். அந்தப் பையனின் பெயரும் செல்வன்தான். 'ஏறுவெயில்' காட்டை இழக்கும் செல்வனின் கண்ணால் சொல்லப்பட்டது; ஒன்பது ஆண்டு கழித்து அதே பெயருள்ள ஒருவனைக் காட்டுக்குச் சொந்தமில்லாதவனின் பக்கத்திலிருந்து அதே ஆசிரியர் பார்க்கிறார். தற்செயலோ திட்டமோ, முதல் நாவலின் துயரத்துக்கு இந்த நாவல் போட்ட அடிக்குறிப்பு அது. தமிழ் வகுப்புகளில் 'ஏறுவெயிலை'ப் பாடமாக வைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அதைத் தனியாக வைக்காதீர்கள். 'கூளமாதாரி'யை முதலில் படிக்கவையுங்கள். பிறகு நிலத்தை இழந்தவரின் கதைக்கு வாருங்கள்.